பூப்பனி ஸ்டோர் விடுதியான கதை

மலையகத்தின் பழைய விடுதிகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றை எடுத்துப் பார்த்தால், அவை பெரும்பாலும் அங்கே வந்து தங்கியவர்களைப் பற்றியவையாகவே இருக்கின்றன. எந்தத் தேசாதிபதி கட்டுவித்தார், எந்த வேட்டைக்காரர் எத்தனை யானைகளைச் சுட்டார், எந்தத் துரை எந்த ஆண்டில் கோப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினார் என்பனவெல்லாம் பதிவாகி உள்ளன. வந்து தங்குபவருக்கு விடுதி ஓரிரவுக்கான இடம். கல் சுமந்து அதைக் கட்டியவருக்கும், விறகு சுமந்து அதைச் சூடாக்கியவருக்கும், எதிரே உள்ள மலையில் பிறந்து அங்கேயே அடங்கியவருக்கும் அது வாழ்நாள் முழுவதும் கண்ணில் படும் கட்டடம். இந்த இரண்டாம் தரப்பார் விட்டுச்சென்ற சாட்சியம் ஏதேனும் உண்டா? நுவரெலியாவுக்கு அப்பால் கந்தப்பளைக்கு மேலே, 6,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் நிற்கும் ஒரு விடுதியைப் பொறுத்தவரை அப்படியொரு சாட்சியம் உண்டு. அது ஒரேயொரு சொல். 'பூப்பனி' என்பது அந்தச் சொல்.

உல்லாசப் பயணிகள் அந்த இடத்தை 'ஹெரிட்டன்ஸ் டீ ஃபெக்டரி' என்ற பெயரால் அறிவார்கள். பிரித்தானியர் காலத்தில் அது ஹெதர்செட் தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலை. தோட்ட மக்களின் வாயில் 'ஸ்டோர்'. 1970களில் அதன் எந்திரங்கள் ஓய்ந்தன. பல ஆண்டுகள் வெறுமையாய் நின்ற கட்டடத்தை எய்ட்கின் ஸ்பென்ஸ் கம்பனி எடுத்து, வெளித்தோற்றத்தை மாற்றாமல் விடுதியாக்கி 1996இல் திறந்தது. 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ ஆசிய - பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அது சிறப்புக் குறிப்பும் பெற்றது. இடிந்துபோகவிருந்த ஒரு கட்டடம் காப்பாற்றப்பட்டது நல்ல காரியம்தான். ஆனால் கட்டடத்தோடு சேர்ந்து எந்தக் கதை காப்பாற்றப்பட்டது, எந்தக் கதை வெளியே நிற்கிறது என்பதே நமது கேள்வி.

முதலில் பெயரைப் பார்ப்போம். மலையகத் தோட்டங்கள் பலவற்றுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. கம்பனிக் கடிதத் தாளில் இருப்பது ஓர் ஆங்கிலப் பெயர். அது பெரும்பாலும் துரையின் சொந்த ஊரோ, அவர் மனைவியின் பெயரோ, ஸ்கொட்லாந்தின் ஏதேனும் ஒரு மலையோ ஆகும். மற்றையது தொழிலாளர் வைத்த தமிழ்ப் பெயர். தோட்டங்களின் விவரக் கொத்துகளை அச்சிட்டவர்களே இந்தத் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்து அச்சிட வேண்டியிருந்தது. ஏனெனில், ஆங்கிலப் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு வழி கேட்டால் யாரும் வழி சொல்ல மாட்டார்கள். ஹெதர்செட்டின் தமிழ்ப் பெயர் பூப்பனி. அந்தத் தோட்டத்தின் முதல் உரிமையாளர் வில்லியம் ஃப்ளவர்டியூ. ஆங்கிலத்தில் 'ஃப்ளவர்' என்றால் பூ, 'டியூ' என்றால் பனித்துளி. துரையின் குடும்பப் பெயரை இரண்டாக உடைத்து யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள். அது ஒரு கணக்கப்பிள்ளையாகவும் இருக்கலாம், இரண்டு மொழியும் காதில் பட்ட ஒரு பங்களாச் சமையற்காரராகவும் இருக்கலாம். மொழிபெயர்த்தவர் பெயர் மறைந்துவிட்டது, மொழிபெயர்ப்பு நிலைத்துவிட்டது. அதிகாலையில் பிரட்டுக்குப் போகும் ஒருவருக்கு அந்த மலையில் பூவையும் பனியையும் தவிர வேறென்ன கண்ணில் பட்டிருக்கும்? துரையின் பெயர் அந்த மலைக்கும் பொருந்திப்போயிற்று.

ஆங்கிலப் பெயருக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. ஹெதர்செட் என்பது இங்கிலாந்தின் நோர்போக் மாவட்டத்தில் உள்ள ஒரு கிராமம். வில்லியம் ஃப்ளவர்டியூ அந்த ஊரிலிருந்து வந்தவர். அந்த ஊரையும் அந்தக் குடும்பப் பெயரையும் ஆங்கிலேய வரலாற்று மாணவர்கள் வேறொரு காரணத்துக்காக அறிவார்கள். 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெருநிலக்காரர், ஊருக்குப் பொதுவாயிருந்த மேய்ச்சல் நிலங்களை வேலி கட்டித் தமதாக்கிக்கொண்டனர். 1549 ஜூலையில் நோர்போக் குடியானவர்கள் எழுந்து வேலிகளைப் பிடுங்கினார்கள். அவர்கள் பிடுங்கச் சென்ற வேலிகளில் ஹெதர்செட்டைச் சேர்ந்த ஜோன் ஃப்ளவர்டியூவின் வேலிகளும் இருந்தன. அவர் கூட்டத்துக்குப் பணம் கொடுத்து, தம் எதிரியான ரொபர்ட் கெட்டின் வேலிகளைப் பிடுங்கும்படி ஏவிவிட்டார். நடந்ததோ வேறு. கெட் தாமே முன்வந்து தம் வேலிகளைப் பிடுங்க உதவிவிட்டுக் கூட்டத்துக்குத் தலைவரானார். ஏறத்தாழ 16,000 பேர் நோர்விச் நகருக்கு வெளியே பாளையமிட்டார்கள். ஓகஸ்ட் மாத இறுதியில் அரச படை அவர்களை வென்றது. டிசம்பர் 7ஆம் திகதி கெட் நோர்விச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

அந்த வேலி கடல் தாண்டி இலங்கைக்கும் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம், பயிரிடப்படாத காணிக்கு உறுதி காட்ட முடியாவிட்டால் அது அரசினுடையது என்றது. கண்டிப் பிரதேசத்துக் கிராமவாசிகள் சேனைப் பயிருக்கும் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் பயன்படுத்திய காடுகள் இப்படித்தான் முடிக்குரியனவாகி, ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்கும் விற்கப்பட்டன. சிங்களக் குடியானவர் இழந்த காட்டில் தமிழ்த் தொழிலாளர் குடியேற்றப்பட்டார். ஒருவர் நிலத்தை இழந்தார். மற்றவர் நிலமில்லாமலே அதில் உழைத்தார். பிற்காலத்தில் இவ்விருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்க்கவைக்கப்பட்டதற்கு வேர் இங்கேதான் உள்ளது.

இந்த மலைகளில் தங்கிச் செல்லும் வழக்கம் துரைமாரோடு தொடங்கியதல்ல. அதற்கு முந்திய சரித்திரத்தை அறிந்தால்தான் அவர்கள் காலத்தில் என்ன மாறியது என்பது புலப்படும். 1344ஆம் ஆண்டு இப்னு பதூதா புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தாளியாக இருந்தார். பாவாத மலைக்குப் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, மன்னர் பல்லக்கு ஒன்றையும், நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், தம் ஆட்கள் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார். முஸ்லிம் யாத்திரிகரொருவர் ஷைவ மன்னரின் செலவில், யோகிகள் வழிகாட்ட மலையேறினார். அந்த வழியை முதலில் திறந்தவர் ஷீராஸின் அபூ அப்துல்லாஹ் இப்னு கபீஃப் என்றும் அவர் எழுதுகிறார். மலையுச்சிக்குக் கீழே ஹிழ்ர் குகை. யாத்திரிகர் தம் பொருள்களை அங்கே வைத்துவிட்டு, மூன்று நாள் தங்கி, காலையும் மாலையும் ஏறிப் பாதத்தைத் தரிசித்து வருவது வழக்கம் என்றும், தாமும் அவ்வாறே செய்ததாகவும் அவர் குறிப்பிடுகிறார். இன்று ஹட்டன் வழியாகச் சிவனொளிபாதம் ஏறுவோர் அறியாத பழைய விடுதி அந்தக் குகை. அதற்குக் கூலி இல்லை. வாசலில் யாரும் சாதியோ சமயமோ கேட்கவில்லை. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூட்டை சுமந்தவர்கள் எத்தனை பேர் என்பதை இப்னு பதூதா மறக்காமல் எழுதிவைத்தார்.

கண்டி இராச்சியத்தில் பொதி மாட்டுப் போக்குவரத்தை நடத்திய மடிகே பத்த என்னும் பிரிவில் சோனகர் பெரும் பங்கு வகித்தனர். உப்பும் கருவாடும் புடவையும் மேலே ஏறின. பாக்கும் மிளகும் கீழே இறங்கின. இரவானால் தவளக்காரர் மாடுகளை அவிழ்த்துவிட்டு வழியோர அம்பலத்தில் ஒதுங்கினர். சிங்களக் கிராமத்தவர் கட்டிவைத்த அம்பலமும், தமிழர் கட்டிய மடமும், பள்ளிவாசலின் முஸாபிர்கானாவும் ஒரே அறத்தின் மூன்று பெயர்கள். வழிப்போக்கருக்கு ஓரிரவு நிழல் கொடுப்பது ஊரின் கடமை என்பதே அந்த அறம். பிரித்தானியர் கோப்பியைப் பயிரிடத் தொடங்கிய காலத்தில், நல்ல தெருவோ ரயிலோ இல்லாத இடங்களில், மேலே அரிசியையும் கீழே கோப்பியையும் கொண்டுசென்றவை இந்தத் தவள மாடுகளே. ரயில் கண்டியை 1867இலும், ஹட்டனை 1884இலும், நானுஓயாவை 1885இலும் எட்டியது. தவளத்தின் காலம் அத்தோடு முடிந்தது.

துரைமார் காலத்தில் தங்குமிடம் என்பதன் பொருளே மாறிற்று. தேசாதிபதி சேர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் நுவரெலியாவில் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். கொழும்பு - கண்டி வீதியை இராசகாரிய ஊழியத்தைக் கொண்டு வெட்டுவித்தவரும், கன்னொறுவையில் சொந்தமாகக் கோப்பி பயிரிட்டவரும் அவரே. 'பார்ன்ஸ் ஹோல்' எனப்பட்ட அந்த மாளிகையே பின்னர் கிராண்ட் ஹோட்டல் ஆயிற்று. 1876இல் தொடங்கிய ஹில் கிளப், 1960களின் பிற்பகுதிவரை இந்நாட்டவரை அங்கத்தவராக ஏற்கவில்லை. வீதியோரங்களில் அரசு கட்டிய வாடிவீடுகளில் அதிகாரிகளுக்கே முதலிடம். அம்பலத்துக்குக் கதவே கிடையாது. இவற்றுக்கோ கதவு இருந்தது. கதவுக்கு ஒரு காவற்காரரும் இருந்தார்.

அந்தக் காலத்தின் பெருமைக் கதைகளில் ஒன்று மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸைப் பற்றியது. அவர் சுட்ட யானைகள் 1,400க்கு மேல் என்பார்கள். 1845 ஜூன் 7ஆம் திகதி, ஹப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்தபோது மின்னல் தாக்கி இறந்தார். நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையையும் மின்னல் தாக்கியது என்று சொல்லிச் சொல்லி ஆங்கில எழுத்தாளர்கள் ஓயவில்லை. யானைகளின் கணக்கு இருக்கிறது; மின்னலின் கணக்கும் இருக்கிறது. அவர் கூடாரத்தைச் சுமந்தவர்களின் கணக்கு மட்டும் இல்லை. இந்த இடத்தில் இப்னு பதூதாவின் பதினைந்து பேரை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இனிப் பூப்பனி ஸ்டோருக்குத் திரும்புவோம். அந்த விடுதியில் தங்குவோர் எல்லோரும் வியந்து பேசுவது அதன் யன்னல்களைத்தான். மாடிக்கு மாடி, வரிசை வரிசையாக யன்னல்கள். எங்கே நின்றாலும் மலையும் முகிலும் தெரியும். ஆனால் அந்த யன்னல்கள் மனிதர் மலையைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டவை அல்ல. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்கு நீர். கொழுந்தை அரைப்பதற்கு முன் ஏறக்குறைய ஓரிரவு வாட்ட வேண்டும். அதற்காகவே தேயிலை ஸ்டோர்களின் மேல்மாடிகள் நீண்ட கூடங்களாக அமைக்கப்பட்டன. சாக்குத் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, வெளிக்காற்று போதாதபோது பெரிய விசிறிகளால் சூடான காற்றைச் செலுத்துவார்கள். வாடிய கொழுந்து கீழே இறங்கி, ரோதையில் அரைபட்டு, பதமாகி, உலர்ந்து, சலித்துத் தேயிலையாகும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைதான் கிடைக்கும். இன்று விருந்தினர் உறங்கும் அறைகள், அன்று கொழுந்து உறங்கிய கூடங்கள்.

இதே காலத்தில் இதே கம்பனிகள் அந்தக் கொழுந்தைப் பறித்தவருக்குக் கட்டிக்கொடுத்தது என்ன? லயம். முதுகோடு முதுகு ஒட்டிய அறைகள். ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டு அடி; அதில் ஒரு குடும்பம். முன்னால் ஒரு கதவு. பின்சுவருக்கு அப்பால் அடுத்த குடும்பம் இருப்பதால் அந்தப் பக்கம் யன்னலுக்கு இடமே இல்லை. அடுப்புப் புகை போவதற்கும் அந்தக் கதவே வழி. இலைக்குக் காற்று வேண்டும் என்று கணக்குப் பார்த்த பொறியியல், மனிதருக்கும் அது வேண்டும் என்று கணக்குப் பார்க்கவில்லை. காற்றுக் குறைந்தால் தேயிலையின் ஏல விலை குறையும். லயத்தில் காற்றுக் குறைந்தால் குறைந்தது மனிதரின் ஆயுள். அதற்கு ஏலச் சந்தை இருக்கவில்லை. மலையகத்தைப் பற்றி எத்தனையோ ஆய்வுகள் வந்துள்ளன. இந்த இரண்டு கட்டடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி வரலாறு விளங்கிவிடும்.

லயத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. அதில் குடியிருப்பவர் தம் வீட்டுக்கு விருந்தாளியை அழைக்க முடியாது. லயம் தோட்டத்தின் சொத்து. தோட்டம் தனியார் காணி. துரையின் அனுமதியின்றி உள்ளே வருபவர் அத்துமீறிப் புகுந்தவர் ஆவார். மலையகத் தொழிற்சங்கத்தின் முன்னோடியான கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தது இதனால்தான். புடவை மூட்டைக்குத் திறந்த வழி, பேச வந்த மனிதருக்குத் திறக்கவில்லை. மூட்டை சுமந்து தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கிய வியாபாரிகளின் பரம்பரையில் வந்த நமக்கு இந்த வேடத்தின் பொருள் எளிதில் புரியும். பின்னாளில் ஏ. அஸீஸ் போன்றோர் தலைமையில் தொழிற்சங்கங்கள் வலுப்பெற்றபோது, முதலில் வென்றெடுக்க வேண்டியிருந்தவற்றுள் தொழிலாளியைத் தேடி அவரது வாசலுக்கே போகும் உரிமையும் ஒன்று. தன் வீட்டில் ஒருவரை உட்காரவைக்க முடியாதவர், ஊருக்கெல்லாம் தேநீர் தந்தார்.

1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டு வந்த 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் வாக்கையும் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இங்கே பிரசாவுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று மனிதரைப் பங்குபோட்டது. பல தலைமுறைகள் ஒரு மலையில் வாழ்ந்தவர்கள், ஓரிரவு தங்க வந்தவர்களைப் போல மூட்டை கட்டினார்கள். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. பூப்பனி ஸ்டோரின் எந்திரங்கள் ஓய்ந்து கிடந்ததும் ஹட்டன், நானுஓயா நிலையங்களில் கண்ணீரோடு ரயில் ஏறியவர்களைக் கண்டதும் ஒரே பத்தாண்டில்தான். 1992இல் தோட்டங்களின் முகாமை மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. நான்கு ஆண்டுகளில் விடுதி திறந்தது. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் நோக்கில் இந்திய வம்சாவளியினருக்கான பிரசாவுரிமைச் சட்டம் வருவதற்கு 2003ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதிக்கு உலகெங்கிலுமிருந்து விருந்தினர் வந்துகொண்டிருந்தபோது, சுற்றுமலைகளில் நாடற்றவர் என்ற பெயரோடு வாழ்ந்தவர்களும் இருந்தார்கள்.

விடுதியைக் கட்டியெழுப்பியவர்கள் அழிக்கவில்லை, பாதுகாத்தார்கள். பழைய எந்திரம் இருக்கிறது. விசிறிகள் இருக்கின்றன. நானுஓயாவிலிருந்து கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடி, 1940களில் மறைந்துபோன குறுகிய ரயில்பாதையின் ஞாபகமாக ஒரு ரயில்பெட்டி உணவுக்கூடமாய் நிற்கிறது. விருந்தினர் விரும்பினால் கூடை மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்துப் பார்க்கலாம். பறித்ததைத் தேயிலையாக்கிக் காட்டுகிறார்கள். இதில் கேலிக்கு எதுவும் இல்லை. அரை மணி நேரம் பறித்துப் பார்ப்பவருக்காவது அந்தச் சரிவில் கால் ஊன்றி நிற்பதன் பாடு கொஞ்சம் தெரியவரும். ஆயினும் எந்திரம் மரபு என்றால், விசிறி மரபு என்றால், அட்டை கடித்த காலோடு சாக்குப் படங்கு கட்டி நின்றவரும் மரபுதானே? எந்திரத்தைத் துடைத்து மினுக்கி வைக்க முடிகிற நாட்டில், லயங்கள் காட்சிப் பொருளாகவில்லை. காரணம், அவை இன்னும் பழம்பொருளாகவில்லை. மலையகத்தில் பெருந்தொகையானோர் இன்றும் அவற்றில்தான் குடியிருக்கிறார்கள். 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடு என்று ஒரு தொடக்கம் ஏற்பட்டது. தேவையோடு ஒப்பிட்டால் அது சொற்பமே.

ரொபர்ட் கெட்டைத் தூக்கிலிட்டு 400 ஆண்டுகள் கழிந்தபின், 1949இல், நோர்விச் நகர மக்கள் அதே கோட்டைச் சுவரில் அவருக்கு ஒரு நினைவுக்கல் பதித்தார்கள். இழைக்கப்பட்டதற்குப் பரிகாரமாக அது வைக்கப்படுவதாக அந்தக் கல்லே சொல்கிறது. வேலி பிடுங்கியவரை நோர்போக் கௌரவித்த அதே ஆண்டில்தான் இங்கே தோட்டத் தொழிலாளியின் வாக்கு பறிபோனது. 2023இல், தம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்கள் வந்த வழியே நடந்தார்கள். நினைவுக்கல் வைக்கும் வேலையை அவர்கள் பிறருக்கு விட்டுவைக்காமல் தம் கால்களாலேயே தொடங்கிவிட்டார்கள் எனலாம்.

கந்தப்பளை விடுதிக்குப் பெரிய செலவில்லாத ஒரு யோசனையை முன்வைக்கலாம். வாசற்பலகையில் ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்தில் 'பூப்பனி' என்று தமிழில் எழுதி, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதையும், இந்த யன்னல்கள் எதற்காக வைக்கப்பட்டன என்பதையும் இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம். அங்கே தங்க வருபவர் அதை வாசித்துவிட்டு அறைக்குப் போகட்டும். காலையில் யன்னலைத் திறக்கும்போது எதிர்மலையில் தெரியும் லயத்தின் தகரக் கூரையையும் அவர் பார்ப்பார்.